சுவருக்குள் ஒயர் தேடும் கருவி விஷயமாக

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

பிரியமும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை சிவகுமார் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து உங்கள் மாமனார் வேணுகோபால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் தறியும் சௌக்கியம். அங்கே ஓசூரில் நீங்களும், தீபாவும், தீபாவுக்குள் இருக்கிறவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறோம். சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். சம்பந்தி ஐயா போன தடவை மறந்துவிட்டுப் போன குடை பத்திரமாக இருக்கிறது. அடைமழையிலும் நான் அதைத் தொடவில்லை.

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே, அதுவும் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறாரே என்று நீங்கள் பயந்துவிடக் கூடாது. போனில் நான் உங்களிடம் எது பேசினாலும் தீபா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இந்தப் பக்கம் நான் பேச ஆரம்பித்தால் உங்கள் அத்தை தறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். இது இரண்டு பேர் காதுக்கும் போகக் கூடாத சமாசாரம். விஷயம் இதுதான்: வளைகாப்பு முடிந்து தீபா இங்கே வர இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. அவள் தங்கப்போகிற உள்ளறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், மேலே தளத்தில் ஒரு கொக்கி மாட்ட வேண்டும். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். ஆனால் குழந்தை பூமிக்கு வருவதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணி கூட வாங்கக் கூடாது, தொட்டில் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது உங்கள் அத்தையின் சட்டம். ஆகவே அது பட்டு நிறுக்கிற தராசு மாட்டுவதற்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். "என்னிக்குங்க நாம பட்டைப் படுக்கிற ரூம்ல நிறுத்தோம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

கொக்கி மாட்டுவது ஒரு வேலையா என்றுதான் நானும் இருந்தேன். துளை போடுகிற ஆள் வந்து அண்ணாந்து பார்த்தான். "ஒயர் பைப்பு எங்க போவுதுன்னு காமிங்க, ஜல்தியா போட்டுட்டுப் போறேன். தெரியாம கை வெக்க மாட்டேன், எனக்கும் பசங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குத்தான் போன வாரம் உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். நீங்களும் கம்பெனி வேலைக்கு நடுவே, சுவருக்குள் மறைந்திருக்கும் ஒயரைக் கண்டுபிடிக்கும் கருவிகள் மூன்றைப் படத்தோடு அனுப்பி, மாமாவே பார்த்து எது வேண்டுமென்று சொல்லட்டும், ஆர்டர் போடுகிறேன் என்றீர்கள். ஓர் இஞ்ஜினியர் ஒரு நெசவாளியைக் கருவி தேர்ந்தெடுக்கச் சொன்னது எனக்குப் பெரிய கௌரவம். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று, படத்தை மட்டும் பார்த்துச் சொல்லாமல், மூன்றையும் ஊருக்குள்ளேயே தேடிப்பிடித்துக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

இந்த வீட்டுக்கு ஒயர் போட்டவனைக் கேட்டால் தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். எல்லாருக்கும் அதுதான் தோன்றுகிறது. ஒயர் போட்டவன் யோவான். அவனிடம் நான் கேட்க மாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. உங்கள் கல்யாண ஆல்பத்தில் பதினேழாம் பக்கம் ஏன் கறுப்பாக இருக்கிறது? தாலி கட்டுகிற நேரத்துக்கு மண்டபம் முழுக்க இருட்டாகிப்போய், ஐயர் போன் வெளிச்சத்தில் மந்திரம் சொன்னார். அலங்கார விளக்கு, மேடை விளக்கு எல்லாம் என் பரிசு என்று சொல்லி அவன்தான் போட்டிருந்தான். ஏற்கெனவே அன்று விடியற்காலை மாப்பிள்ளை அறைக்கு வெந்நீர் வரவில்லை. நீங்கள் பெருந்தன்மையாக யாரிடமும் சொல்லாமல் ஏதோ ஏற்பாடு செய்து குளித்ததாக முகூர்த்தத்துக்குச் சற்று முன்புதான் கேள்விப்பட்டேன். அந்தக் குறையோடு இந்த இருட்டும் சேர்ந்துகொண்டது. சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்க முடியாமல், முந்நூறு பேர் நடுவில் அவனைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துலேர்ந்து பழகினவன்னு உன்னை நம்பினேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்" என்று கத்திவிட்டேன். அவன் வெளிச்சத்தைக் கொண்டுவந்தான், ஒயரைச் சுருட்டினான், இலையில் உட்காராமல் போய்விட்டான். தப்பு செய்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவன் தெருவில் வந்தால் நான் கோட்டை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். முழங்காலுக்கு நல்லதுதான்.

முதலில் கருவியே இல்லாமல் ஒரு முயற்சி செய்தேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் வந்து பார்க்கும்போது எப்படியும் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில், தறியில் நீளவாட்டில் கட்டுகிற பாவில் ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். அதில் ஒன்று எது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் பக்கம் லேசாகச் சுண்டுவோம், அந்தப் பக்கம் எது அசைகிறதோ அதுதான் அது. முப்பத்தெட்டு வருஷமாக எனக்கு இது தவறியதில்லை. ஒயரும் ஓர் இழைதானே என்று மெயினை அணைத்துவிட்டு, சுவிட்ச் போர்டைக் கழற்றி, உங்கள் அத்தையை ஸ்டூல் மேல் ஏற்றி ஃபேன் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் ஒரு சிவப்பு ஒயரைச் சுண்டினேன். அசையுதா என்றேன். அசையல என்றாள். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அசையுதா என்றேன். அசையல என்றாள். கொஞ்சம் அழுத்தமாக இழுத்தேன், "அசைஞ்சுதுங்க" என்றாள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. "ஐயோ, உள்ள போவுதுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் இருபத்தைந்து அடி ஒயரும் என் மடியில் சுருண்டு கிடந்தது. எந்த வழியாகப் போனது என்பதையும் கையோடு கொண்டுவந்துவிட்டது. ஆகவே இப்போதைய நிலவரம், தீபா வரப்போகிற அறையில் கொக்கியும் இல்லை, ஃபேனும் ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. அந்த ஒயரை நான் எறியவில்லை. கழியில் நூல் சுற்றுகிற மாதிரி நேர்த்தியாகச் சுற்றி வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் படத்தில் முதலாவதாக இருந்த பேனா. பஜார் வீதிக் கடையிலேயே கிடைத்தது. நுனியைச் சுவரருகே கொண்டுபோனால் கரண்ட் இருக்கிற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்து கீச் கீச் என்று கத்தும், சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். கடையில் பிளக் பக்கத்தில் காட்டினான், ஒழுங்காகக் கத்தியது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போர்டு பக்கத்தில் கத்தியது, சரி. அப்புறம் பக்கத்துக் கூடத்தில் உங்கள் அத்தை அப்போதுதான் பட்டை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாண்டிப் போகிறபோது பட்டைப் பார்த்துக் கத்தியது. திரும்பக் கொண்டுபோனேன், மறுபடி கத்தியது. பட்டில் கரண்ட் வருகிறது, தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். அன்று பாதி நாள் வேலை கெட்டது. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், காய்ந்த பட்டை உதறினால் அப்படி ஒரு சின்ன மின்சாரம் உண்டாகும், பேனா அதற்கும் கத்தும், இதுவரை யாரும் இந்தப் புகார் கொண்டுவந்ததில்லை என்றார். அதோடு, மெயினை அணைத்தால் பேனாவும் பேசாது. மெயினை அணைக்காமல் நான் ஏணியில் ஏறினால் உங்கள் அத்தை என்னோடு பேச மாட்டாள். ஆகவே பேனா வேண்டாம்.

இரண்டாவது, உள்ளங்கை அளவு பெட்டி, சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போனால் உள்ளே இருக்கிற இரும்பு, செம்பு, மரம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். எங்கள் தெருவில் சமையலறை அலமாரி செய்கிற குமரேசனிடம் ஒன்று இருக்கிறது. கெஞ்சி வாங்கினேன், இரண்டு நாள் தவணை. உள்ளறைச் சுவரில் வைத்ததுமே கத்த ஆரம்பித்தது, நிற்கவில்லை. கத்துகிற இடமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனேன். ஒயர் இவ்வளவு நேராகவா போகும், இவ்வளவு அகலமாகவா போகும் என்று எனக்கே சந்தேகம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தால் சுவரில் அழகான நீள்சதுரம் ஒன்று விழுந்திருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான், மறந்தேபோனேன், மர அலமாரியில் நெய்து முடித்த பன்னிரண்டு புடவை சுவரை ஒட்டி அடுக்கியிருக்கிறது. அவ்வளவும் நல்ல ஜரிகை. வெள்ளியும் செம்பும் சேர்ந்த அந்த ஜரிகையைத்தான் பெட்டி ஒன்றரை மணி நேரம் பாடியிருக்கிறது. உங்கள் அத்தைக்கு வந்த சிரிப்பில் பேனா விஷயத்தில் இருந்த கோபமே போய்விட்டது, அந்த அளவுக்கு லாபம்.

அதோடு விட்டிருக்கலாம். எதிர்வீட்டு தெய்வநாயகி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். பெட்டி ஜரிகையைக் கண்டுபிடிக்கும் என்று உங்கள் அத்தை பெருமையாகச் சொல்லிவிட்டாள். தெய்வநாயகி ஓடிப்போய், போன வருஷம் அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் வீட்டுக்காரர் வேறெங்கோ எடுத்துவந்த புடவையைக் கொண்டுவந்து நீட்டினாள். வைத்தேன். பெட்டி வாயே திறக்கவில்லை. முந்தானையில் வைத்தேன், மடித்து வைத்தேன், பேட்டரி போய்விட்டதோ என்று நம் புடவையில் வைத்தேன், அங்கே கத்தியது. தெய்வநாயகி புடவையை மடித்து எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போனாள். நேற்றிலிருந்து அந்த வீட்டில் அவள் அவரோடு பேசுவதில்லை, அவர் என்னோடு பேசுவதில்லை. பேஜார் இத்தோடு முடிந்தால் சரி.

ஆனால் மேல்தளத்தில் அந்தப் பெட்டி ஒரு நல்ல காரியம் செய்தது. காங்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதால் அங்கங்கே ஒரு தரம் கத்தும், அது நியாயம் என்று குமரேசன் முன்பே சொல்லியிருந்தார். ஓர் இடத்தில் மட்டும், கட்டிலுக்கு நேர் மேலே கொஞ்சம் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு விடாமல் கத்தியது. எல்லா ஒயரும் வந்து கூடுகிற இடம் அதுதான் என்று தெரிந்துகொண்டேன். சுண்ணாம்புக் கட்டி தீர்ந்துவிட்டதால் உங்கள் அத்தையின் குங்குமத்தைக் குழைத்து அங்கே பெரிய பொட்டாக வைத்துவிட்டேன். யார் எங்கே துளை போட்டாலும் போடட்டும், அந்தப் பொட்டின் மேல் மட்டும் உளி படக் கூடாது. மேற்கொண்டு தேடுவதற்குள் பேட்டரி உண்மையாகவே தீர்ந்துவிட்டது.

மூன்றாவது, இரண்டு துண்டாக வருகிற கருவி. ஒரு துண்டை ஒயரின் முனையில் மாட்டினால் அது ஒயருக்குள் ஒரு பாட்டை அனுப்பும்; இன்னொரு துண்டைச் சுவர் மேல் கொண்டுபோனால் ஒயர் போகிற வழியெல்லாம் அந்தப் பாட்டு கேட்கும். நீங்கள் இதுதான் நல்லது என்று பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தீர்கள். இன்டர்நெட் லைன் பார்க்க வருகிற தமிழ்வாணன் பையில் இருந்தது. அவரைக் கூப்பிட்டு டிபன் கொடுத்து உட்கார வைத்தேன். ஒயர் முனை எங்கே என்றார். சுற்றிவைத்த ஒயரைக் கொண்டுவந்து காட்டினேன். சார், இது சுவருக்குள்ள இருந்தாத்தான் என் கருவி பாடும், உங்க மடியில இருந்தா எனக்குக் கருவியே தேவையில்ல என்றார். பிறகு போர்டில் மிச்சம் இருந்த கறுப்பு ஒயரில் மாட்டினார். அது வீட்டுக்கெல்லாம் பொதுவான ஒயராம். கூடம் பாடியது, சமையலறை பாடியது, குளியலறையில் கணீரென்று பாடியது. உள்ளறையிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பாடியது. தமிழ்வாணன் கருவியை மடித்து வைத்துவிட்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க. இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்தவர் யாருன்னு சொல்லுங்க, ஒரு போன் அடிச்சா முடிஞ்சு போற வேலை" என்றார். கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். குமரேசனும் அதைத்தான் சொன்னார். உங்கள் அத்தை வாயால் சொல்லவில்லை. சாம்பாரைப் பரிமாறுகிற விதத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தளத்தில் கம்பி கட்டி பைப் போட்டபோது நானும் கூடவே மேலே நின்றவன்தான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். பைப் எங்கே போனது என்பது வரவில்லை. ஏழு வயசு தீபா யோவானின் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தளம் முழுக்க ஓடியதும், "மருமவளே, போதும் நில்லு, டேப்பு அந்துடும்" என்று அவன் கூப்பிட்டதும், அவன் மனைவி ரோஸி அனுப்பிய புளிசாதத்தை மூன்று பேரும் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து தின்றதும்தான் வருகிறது. அதெல்லாம் இப்போது எதற்கு. நான் சொல்லவந்தது, எனக்கு நினைவில்லை, ஆகவே கருவிதான் கதி.

ஆகையால் மாப்பிள்ளை, இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். இரும்பை இரும்பென்றும், ஜரிகையை ஜரிகையென்றும், ஒயரை ஒயரென்றும் பிரித்துச் சொல்கிற, மெயினை அணைத்தாலும் வேலை செய்கிற, யாரையும் போய்க் கேட்க வைக்காத நாலாவது ஒரு கருவி உங்கள் கம்பெனியில் இருக்கும். இல்லாவிட்டால் வெளிநாட்டிலாவது இருக்கும். அதை உடனே அனுப்பிவைக்கவும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். தீபா அந்த வாசல்படி ஏறும்போது அறையில் காற்றும் வெளிச்சமும் இருக்க வேண்டும், நேரம் வரும்போது கொக்கி தயாராக இருக்க வேண்டும். அவள் பிறந்தபோது எங்களுக்குச் சொந்த வீடில்லை. வாடகை வீட்டுக்காரர் விட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்றுவிட்டார். மூன்று மாதம் அவளை மடியிலேயே போட்டு ஆட்டினோம். அவள் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. இதைப் போனில் சொல்லியிருந்தால் குரல் கம்மியிருக்கும், அதனாலும்தான் கடிதம்.

தீபா ராத்திரியில் ஊறுகாய் தின்றால் தடுக்கவும். மாடிப்படியில் ஒற்றையாக இறங்க விட வேண்டாம். நீங்கள் இருவரும் மூவராகி, நீண்ட ஆயுளும் நிறைந்த வீடுமாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறோம். பெரியவர்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். குடை மறுபடியும் பத்திரம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்,
வேணுகோபால்.

பின் குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்): மேலே எழுதியதில் வணக்கமும் ஆசீர்வாதமும் குடையும் தவிர மற்ற எதையும் பொருட்படுத்த வேண்டாம். கருவி அனுப்ப வேண்டாம். இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனசு வராததால் அப்படியே அனுப்புகிறேன். யோவானைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் பேனாவால் அடித்துப் பார்த்தேன். அடித்த பிறகும் படிக்க முடிகிறது. தயவுசெய்து படிக்காதீர்கள்.

நடந்தது இது. இன்று காலை குமரேசன் தேவிகாபுரத்தில் வேலை இருக்கிறது, பெட்டியைக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார். பேட்டரியைத் தீர்த்துவிட்டுக் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. அந்தச் சதுர பேட்டரி ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊரில் அது கட்டாயம் இருக்கக் கூடிய ஒரே இடம் யோவான் வீட்டு இரும்புப் பெட்டி. நான் பேட்டரிக்காக மட்டும் போனேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவர்கள் சர்ச்சிலிருந்து திரும்பியிருந்தார்கள். ரோஸி என்னைப் பார்த்ததும் டீ போட உள்ளே போனாள். யோவான் வாசலில் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்து, மூன்று வருஷத்தில் முதல் வார்த்தையாக, "அந்த ரூம்ல துளை கிளை போட்டுட்டியா?" என்றான். ஊருக்குள் நான் கருவி தேடி அலைந்தது அவன் காதுக்கு எப்போதோ போயிருக்கிறது. இல்லை என்றேன். "அப்பாடா" என்றான். நான் சதுர பேட்டரி என்றேன்.

பேட்டரி எடுக்க இரும்புப் பெட்டியைத் திறந்தவன் சட்டென்று மூடப்பார்த்தான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மேலாக ஒரு வெந்நீர் ஹீட்டர் கிடந்தது, பக்கெட்டில் போடுகிற மாதிரி. கம்பி கறுத்துப்போய், பிளக் வெல்லம் மாதிரி உருகி உறைந்திருந்தது. கைப்பிடியில் வெள்ளை பெயின்டில் "எஸ். சிவகுமார், ரூம் நம்பர் 14, ஹாஸ்டல்" என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை, உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தப் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில்தான் இருந்தேன்.

அன்று வெந்நீர் வரவில்லை என்று நீங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அதுதான் என்பது எனக்கு இன்றைக்குத்தான் விளங்கியது. நீங்கள் குளித்து முடித்ததும் முகூர்த்தம் நெருங்குகிறது என்று எல்லாருமாக உங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள், யாரைத்தான் குறை சொல்வது. பக்கெட்டில் தண்ணீர் வற்றி, அது காய்ந்து, ஒயர் எரிந்து, மண்டபமே அணைந்திருக்கிறது. யோவான் அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அதைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். வெளியே வந்தவனைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டேன். மிக்ஸியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மாப்ளைன்னா மொத நாளே மாமனார் ஊட்ல தலை குனிஞ்சி நிக்கக் கூடாதுடா. அது நம்ம தீபாவுக்கு நல்லதில்ல. எனக்கு இன்னா, ஒயர்காரன், நாலு பேச்சு கேட்டுக்கினா ஆச்சு. ஆனா அந்த நாலு பேச்சையும் நீயே பேசிட்ட, அதான் சோறு எறங்கல."

அழுதேன் மாப்பிள்ளை. அறுபது வயசுக்காரன் தெருவாசலில் உட்கார்ந்து, கையில் உங்கள் ஹீட்டரை வைத்துக்கொண்டு அழுதேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். மறுபடியும் பேட்டரி என்றுதான் வந்தது. அவன் பேட்டரியைக் கொடுத்துவிட்டு, டீயைக் குடிக்கவைத்து, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டான்.

உள்ளறையில் வந்து அண்ணாந்து பார்த்தான். பொட்டு வைத்தது யாரென்றான். நான்தான், அங்கேதான் எல்லா ஒயரும் கூடுகிறது, அதன் மேல் மட்டும் கை வைக்காதே என்றேன். ஏணியைப் பொட்டுக்கு நேர் கீழே போட்டு ஏறினான். நான் ஏணியைப் பிடித்து இழுக்கப்போனேன். குங்குமத்தின் மேலேயே உளியை வைத்து நாலு தட்டு தட்டினான். பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஓர் இரும்புக் கிண்ணம், அதற்குக் குறுக்கே கட்டைவிரல் கனத்தில் கம்பிக் கொக்கி. இருபது வருஷத்துக்கு முன்னால், நான் புடவை கொடுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பு அவனே வைத்து, மேஸ்திரியிடம் சொல்லிப் பூசி மூடியிருக்கிறான். அந்தப் பக்கமாக ஒயர் பைப்பே போகாமல் எல்லாவற்றையும் சுவரோரமாகத் திருப்பிவிட்டிருக்கிறான்.

"எதுக்குடா அப்பவே வெச்ச?" என்றேன்.

"டேப்பைப் புட்சிகினு ஓடிச்சே, அது ஒரு நாளு புள்ளை பெக்க இங்க தான வரும். கல்யாணத்தன்னிக்கு சாப்பாட்டுப் பந்தியில சொல்லலாம்னு இருந்தேன்" என்றான்.

பிறகு இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து, இந்த வயசில், அந்தரத்தில் தொங்கிக் காட்டினான். பலம் பார்க்கிறானாம். உங்கள் அத்தை இதையெல்லாம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், அலமாரியில் பட்டுப் புடவைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய நூல் புடவையை எடுத்துவந்தாள். துவைத்துத் துவைத்துப் பூவாக ஆனது, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். "உங்க தராசுக்கு இது தாங்குமான்னு பாருங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனை நாளாக வைத்திருக்கிறாளோ, கேட்கவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை யாரிடமிருந்தும் ஒளிக்க வேண்டியதில்லை. தீபாவுக்குப் படித்துக் காட்டுங்கள், ஸ்பீக்கரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் சுற்றிவைத்த ஒயரைத் திரும்ப உள்ளே நுழைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. மத்தியானம் வடை பாயசத்தோடு இலை போட்டு உட்கார வைத்தோம். மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

ஹீட்டரை என்னிடம் கொடு, மாப்பிள்ளை வரும்போது சேர்த்துவிடுகிறேன் என்றேன். தர மாட்டேன் என்கிறான். யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவர் நேரில் வந்து கேட்டால்தான் தருவானாம். வருகிறவருக்கு ரோஸி கையால் சாப்பாடும் உண்டாம். தீபாவை அழைத்துவரும்போது நீங்களும் கூட வருவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அன்று வண்டியை முதலில் அவன் வாசலில்தான் நிறுத்தப்போகிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், சாப்பிட்டாலே போதும். பிறகு நம் வீட்டுக்கு வந்து குளிக்கலாம். வெந்நீரை உங்கள் அத்தை அடுப்பிலேயே வைத்துவிடுவாள்.